நாற்பது மீட்டர்

மிளகாய்ச் சிவப்பு. இரண்டே கதவு.
செகாம்புட் கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே
ஒரு ஃபேர்லேடி நிற்கிறது.
அதன் ஜாதகம் என் மேசையில்.

எந்த மாதம் ஆலையை விட்டு வந்தது,
நகோயாவில் முதலில் ஓட்டியவர்
எத்தனை முறை எண்ணெய் மாற்றினார்,
கப்பலின் எந்தத் தளத்தில் படுத்துக் கிள்ளானுக்கு வந்தது,
சுங்கத்தில் எத்தனை நாள் வெயில் காய்ந்தது,
எல்லாம் எனக்குத் தெரியும்.
எனக்கு வந்த வரன்களைக்கூட
எங்கள் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை.

ஏலத்தாள் ஒரு சின்ன மொழி.
ஏ-ஒன்று என்றால் நகம் பட்ட கீறல்.
யூ-இரண்டு, யாரோ முழங்காலால் இடித்த பள்ளம்.
டபிள்யூ என்பது தட்டி நிமிர்த்தி, பூசி மறைத்து,
சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அலை.

விற்க வந்த செராஸ்காரர் தந்த தாளில்
நாலரை மதிப்பெண்.
கோபேக்கு எழுதி நான் வரவழைத்த தாளில்
எண்ணே இல்லை.
ஓர் எழுத்து: ஆர்.
முன்பக்கம், இடது எலும்பு, மாற்றியது.

"அது வேற வண்டியோட தாளுமா"
என்று பத்துமலை இருக்கும் திசையில் கைகாட்டிச் சத்தியம் செய்தார்.
நான் அடிச்சட்ட எண்ணை மெதுவாக வாசித்தேன்.
கடைசி இலக்கம் வரும்போது
தே தாரிக்கின் நுரையை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த ஓர் எழுத்து
ஐம்பதாயிரம் வெள்ளியைத் தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை, ஒரு லட்சத்து எண்பத்தெட்டில்
சுத்தியல் விழுந்தது.
பங்சார் பல் மருத்துவர் கையை இறக்கினார்.
அவர் கட்ட வேண்டியது அதுவல்ல:
நூற்றுக்கு ஆறு சேர்த்து
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து இருநூற்றெண்பது.
செராஸ்காரர் கைக்குப் போவதும் அதுவல்ல:
நூற்றுக்கு நாலு கழித்து,
இருபத்திரண்டு நாள் நிழலுக்கு வாடகை கழித்து
ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து எழுநூற்றுப் பத்து.

ஒருவர் கொடுத்த விலை, ஒருவர் வாங்கிய விலை,
இரண்டுக்கும் நடுவே
பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
அந்தச் சந்தில்தான்
தௌகே ஃபூங்கின் ஏர்கான் ஓடுகிறது,
என் சம்பளமும்,
லோகாவின் வாளியும் நுரையும்.

லோகா கண்ணாடி துடைத்தபடி கேட்டான்:
"இதுக்கு மொத்தம் எத்தன தாளு, அக்கா?"
முப்பத்தொன்று என்றேன்.
சிரித்தான். அவன் வயதும் அதுதான், தோராயமாக.
கோலசிலாங்கூர்ப் பக்கம், வெள்ளம் வந்த வருஷம்,
பதியாத கல்யாணம், வீட்டிலேயே பிரசவம்.
ஒரு கிளினிக் அட்டை இருந்ததாம்;
மழையில் பெயர் கரைந்து, அட்டை மட்டும் மிஞ்சியதாம்.
புத்ராஜெயாவுக்கு நாலு தரம் போய்விட்டான்.
ஐந்தாவது தரம் சாட்சி கூட்டி வரச் சொன்னார்கள்.
சாட்சி போன வருஷம்தான் செத்துப் போனாள்.

கோபேக்கு எழுதினேனே,
மூன்று நாளில் பதில் வந்ததே,
அதை நினைத்தேன். சொல்லவில்லை.

அடையாள அட்டை இல்லை, ஆகவே லைசென்ஸ் இல்லை.
ஆனால் வண்டியைக் கழுவும் இடத்திலிருந்து
வாசலில் அடித்த மஞ்சள் கோடு வரைக்கும்
ஃபூங்கின் நிலம்.
அது நாற்பது மீட்டர்.
கோட்டுக்கு அப்பால் சாலை, போலீஸ், நாடு.

மருத்துவர் வந்துவிட்டார், குடையோடு.
லோகா காலைத் துடைத்துக்கொண்டு ஏறினான்.
இருக்கையைத் தள்ளவில்லை, வானொலியைத் தொடவில்லை.
இயந்திரம் தொண்டையைச் செருமியது.
முதல் கியரிலேயே
கல்யாண ஊர்வலம்போல் ஊர்ந்து வந்து
மஞ்சள் கோட்டில் மூக்கு தொடாமல் நிறுத்தினான்.
ஒருமுறை, தேவையில்லாமல், ஆக்சிலேட்டரை அழுத்தினான்.
மருத்துவர் முகம் சுளித்தார்.
சாவி கை மாறியது.

ஒப்படைப்புத் தாளில் நான் எழுத வேண்டியது ஒன்றுதான்:
ஓடிய தூரம், கிலோமீட்டரில்.
காலையில் அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு.
குனிந்து பார்த்தேன்.
அறுபத்தோராயிரத்து இருநூற்று நான்கு.